நாலாம் பாட்டில் ஒரு சிரிப்பு

இறந்துபோய் நாலு வருஷமான தம்பி, ஜங்ஷன் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், முதுகுக்குப் பின்னாலிருந்து சிரித்தான்.

டோரதிக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் எங்கேடா போயிருந்தாய் என்கிற கோபம். அது அரை நொடிதான். அடுத்த அரை நொடியில், மஸ்கட்டிலிருந்து ரெஜிஸ் பெட்டியில் வந்ததும், அந்தப் பெட்டியின் மேல் ஒரு பிடி மண் போட்டதும் ஞாபகம் வந்தது. பெரிய கடைவீதியில் குக்கருக்கு வாங்கிய புதுக் கேஸ்கெட் மடியிலிருந்து நழுவி, பஸ் தரையில் உருண்டு ஓடியது.

அவள் கேஸ்கெட்டைத் தேடவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

பின் ஸீட்டில் ரெஜிஸ் இல்லை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் மெல்லிய மீசையுமாக, நாற்பத்தைந்து வயதில் ஒருவர் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூட்ட நெரிசலில் யார் கையோ பட்டு அவருடைய இயர்போன் பிடுங்கிக்கொண்டுவிட்டது. போன் திறந்த வாயாகக் கத்தியது. டும், டும், டும், டும் என்று ஒரே தாளம்.

அவர் எப்படியோ அதை அமுக்கி நிறுத்தினார். நிறுத்திவிட்டு, பிக்பாக்கெட் அடித்து மாட்டிக்கொண்டவர் போலச் சுற்றிலும் பார்த்தார்.

"சார், இப்ப ஓடுச்சே, அது என்ன பாட்டுங்க?"

"நீங்க கேட்டுட்டீங்களா?"

"பஸ்ஸே கேட்டுச்சு."

"அய்யய்யோ." அவர் போனை நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டார். "மெம்பர் இல்லாதவங்க கேக்கக் கூடாதும்மா. தயவுசெஞ்சு மறந்துடுங்க."

"மறக்கறதா? அதுல ஒரு விசில் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு ஆள் சிரிச்சாரு. அது என் தம்பிங்க."

அவர் டோரதியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரியில் கெட்ட சேதி சொல்கிற டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, அது நாலாம் பாட்டு. அதுல சிரிக்கிறவரை உங்க தம்பின்னு நீங்க சொன்னது வெளிய தெரிஞ்சா, எங்க பேரவை ரெண்டா உடைஞ்சிடும்."

அவர் பெயர் ராஜ்மோகன். பேரவை என்பது, திருச்சி–ஸ்ரீரங்கம் வட்டார டிரான்ஸ் இசை உத்தமப் பாடல் நிர்ணயப் பேரவை.

டிரான்ஸ் என்றால் என்ன என்று பாலக்கரை தாண்டுவதற்குள் அவர் விளக்கினார். பாடகர் கிடையாது. தபேலா கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில் செய்த இசை. தாளம் இடித்துக்கொண்டே இருக்கும். நடுவில் திடீரென்று தாளம் நின்று, கம்பி இழைத்த மாதிரி ஒரே ஒரு மெல்லிய ஓசை மட்டும் மிதக்கும். கேட்கிறவன் தவித்துப்போய் நிற்கும்போது, மதகைத் திறந்துவிட்டாற்போலத் தாளம் திரும்பி வரும். நாலாம் பாட்டில் அந்த அமைதிக்குள்தான் ஒரு விசிலும், ஒரு ஆண் சிரிப்பும், அதைத் தொடர்ந்து ஒரு பெண் சிரிப்பும் கேட்கும்.

"உலகத்துல வேற எந்தப் பாட்டுலயும் அப்படி கிடையாதும்மா," என்றார் ராஜ்மோகன். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது.

டோரதிக்கும் கலங்கியது. வேறு காரணத்துக்காக.

இருபது வருஷத்துக்கு முன்னால் அவளும் ரெஜிஸும் புத்தூரில் வாடகை வீட்டில் இருந்தார்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். ரெஜிஸ் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தான், கேட்டவர்களுக்கு சி.டி. போட்டுக் கொடுப்பான். பம்பாயிலிருந்து வந்த சிநேகிதன் ஒருவன் ஒரு வெளிநாட்டு சி.டி.யை ஒரே ஒரு சாயங்காலத்துக்கு இரவல் கொடுத்தான். அன்றைக்கென்று பார்த்து கம்ப்யூட்டரில் சி.டி. போடுகிற தட்டு மக்கர் செய்தது. ரெஜிஸ் விடவில்லை. சி.டி.யைப் பழைய பிளேயரில் ஓடவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்து, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, "அக்கா, பேசாத, தும்மாத, நடக்காத" என்று உத்தரவு போட்டான்.

குக்கருக்கு உத்தரவு போட மறந்துவிட்டான்.

நாலாவது பாட்டில் தாளம் நின்ற நேரம். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போது அடுப்பங்கரையிலிருந்து, சொல்லிவைத்தாற்போல, ஒரு நீளமான விசில். ரெஜிஸ் உதட்டில் விரலை வைத்துக்கொண்டே சிரித்துவிட்டான். அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டும் அடக்க முடியவில்லை. பாட்டு முடிந்ததும், "திருப்பி எடுடா" என்றாள். "இருக்கட்டும்க்கா, இதுவும் பாட்டுல சேத்திதான்" என்றான். அதைத்தான் ஊர் முழுக்கப் பிரதி எடுத்துக் கொடுத்தான்.

இப்போது அவள் கே.கே. நகரில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறாள். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் கவுன்ட்டர் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் பெயர்களையெல்லாம் உரக்கக் கூப்பிடுவாள். அவள் பெயரைக் கூப்பிட ஆள் இல்லை. ரெஜிஸின் போட்டோக்கள் நிறைய இருந்தன. சத்தம் மட்டும் இல்லை. அவன் போன், மஸ்கட்டில் அவன் மேல் ஏறிய லாரிக்கு அடியிலேயே நசுங்கிப்போயிற்று. அவன் போட்ட சி.டி.க்களில் ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை. கொஞ்ச நாளாக, அவன் எப்படிச் சிரிப்பான் என்பதே அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. யாரிடம் போய்ச் சொல்ல முடியும் இதை?

"எனக்கு அந்தப் பாட்டு ஒரு காப்பி வேணும்ங்க," என்றாள். "வேற ஒண்ணும் வேணாம்."

"கொடுத்தா என் மெம்பர்ஷிப் போயிடும்மா." ராஜ்மோகன் இறங்குவதற்கு எழுந்தார். "ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கம் வாங்க. தலைவரைப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

கீழே குனிந்து, யார் காலுக்கோ அடியில் கிடந்த கேஸ்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

*

பேரவை கூடுகிற இடம் வடக்கு உத்தர வீதியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தின் மாடி டைனிங் ஹால். முகூர்த்த நாட்களில் பேரவை இயங்காது. மற்ற ஞாயிறுகளில், சாம்பார் வாசனை போகாத நீள மேஜைகளில் நாற்பது ஐம்பது ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஹாலுக்கு இரண்டு வாசல். வேகக் கட்சிக்காரர்கள் கிழக்கு வாசல் வழியாக வருவார்கள். நிதானக் கட்சிக்காரர்கள் மேற்கு. டிரான்ஸ் தாளம் எந்த வேகத்தில் இடிக்க வேண்டும் என்பதில் இரண்டு கட்சிக்கும் தீராத தகராறு. வேகக் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் நிதானக் கட்சிக்காரர் சாப்பிட்டுவிட்டு வந்ததற்காக அவரை ஆறு மாதம் தள்ளிவைத்த சம்பவம் உண்டு.

டோரதி எந்த வாசல் வழியாக வருவது என்று தெரியாமல், சமையல்கட்டு வழியாக வந்தாள். அதனால் இரண்டு கட்சியும் அவளைச் சந்தேகமாகப் பார்த்தன.

அப்போது ஹெட்போன் மரியாதை நடந்துகொண்டிருந்தது. ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் ஒற்றை ஹெட்போனை வைத்து, பதவி வரிசைப்படி ஒவ்வொருவர் முன்பும் நீட்டுவார்கள். அவர் அதைத் தொட்டுக் காதில் ஒரு கணம் வைத்துவிட்டு அடுத்தவருக்கு விடுவார். ஹெட்போனில் எதுவும் ஓடாது. அது மரியாதை மட்டும்தான். பாட்டை ஓடவிட்டால் யாருக்கு எந்த இடம் கிடைத்தது என்று சண்டை வந்து, பழைய தலைவர் காலத்தில் ஹெட்போன் வயரே அறுந்துபோனதாம்.

தலைவர் அழகியமணவாளன். பெரிய தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாடு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாய்லர் தகடுகளைத் தட்டித் தட்டிப் பார்த்து நிராகரித்த கை. ஓய்வுக்குப் பிறகு பாட்டுகளை நிராகரித்துக்கொண்டிருந்தார்.

"உக்காருங்கோம்மா. பேரவைக்கு ஸ்திரீகள் வர்றது இதான் மொதல் தடவை. பஷீர், இதை மினிட்ஸ்ல ஏத்திக்கோங்கோ."

செயலாளர் பஷீர் அகமது ஏற்றிக்கொண்டார். அவர் செல்போன் கடை வைத்திருப்பவர்.

"ஐயா, எனக்கு நாலாம் பாட்டுல ஒரு காப்பி..."

"அதுக்கு முன்னாடி உத்தமப் பாட்டுன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியணும்." தலைவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. "லக்ஷணம் இருக்கு. மொதல்ல, அது பழசா இருக்கணும். எவ்வளவு பழசுன்னா, நாங்கள்லாம் நன்னா இருந்த காலத்துல வந்திருக்கணும். அதுக்கப்புறம் வந்ததெல்லாம் வெறும் சத்தம். ரெண்டாவது, மொதல் தடவை கேட்டப்பவே பிடிச்சிருக்கப்படாது. பிடிச்சா அது ஜனரஞ்சகம். மூணாவது, அதுக்கு யாரும் ஆடப்படாது."

"ஆடறதுக்குத்தானேங்க இந்தப் பாட்டெல்லாம் போடறாங்க?"

ஹாலில் ஒரு அதிர்ச்சி அலை ஓடியது. வேகக் கட்சியும் நிதானக் கட்சியும் ஒரே நேரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

"வெளிநாட்டுல ஆடுவா," என்றார் தலைவர் பெருந்தன்மையோடு. "அவாளுக்கு சம்பிரதாயம் தெரியாது. நாலாம் பாட்டைப் பண்ணின ஐரோப்பாக்காரருக்கே தெரியலையே! இன்டர்நெட்டுல அவர் போட்டிருக்கற பாட்டுல விசிலும் இல்லை, சிரிப்பும் இல்லை. ரெண்டையும் ஏன் எடுத்தேள்னு கண்டிச்சு லெட்டர் போட்டோம். என்ன பதில் போட்டார்? பஷீர், வாசியுங்கோ."

பஷீர் அகமது வாசித்தார். "எந்த விசில்?"

"பாத்தேளா! உடனே தீர்மானம் போட்டோம். அந்தப் பாட்டைப் பத்திப் பேச, அதைப் பண்ணினவருக்கு யோக்யதை கிடையாதுன்னு. ஏகமனதா."

"அப்ப நாலாம் பாட்டுதான் உங்க உத்தமப் பாட்டுங்களா?"

"பரிசீலனைல இருக்கு."

"எத்தனை வருஷமா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"வேற எது எதுங்க உத்தமம்னு முடிவாச்சு?"

"ஒண்ணுகூட இல்லை," என்றார் தலைவர், நெஞ்சு நிமிர்ந்து. "அதான் பேரவையோட சாதனை. ஒரு பாட்டை உத்தமம்னு முடிவு பண்ணிட்டா, அடுத்த ஞாயித்துக்கிழமை எங்கே போறது? சொல்லுங்கோ. என் பிள்ளை டொரோண்டோவுல இருக்கான். என் ஆத்துக்காரி போய் ஆறு வருஷமாச்சு. பஷீர் வீட்டுல இந்தச் சத்தமே ஆகாது, பாத்ரூம்ல வெச்சுக் கேக்கறார். இதோ, சவுண்ட் சர்வீஸ் ஜெயக்குமார். ஊர்ல எல்லாரும் இவரை 'சவுண்டைக் கொற'ன்னுதான் சொல்லியிருக்கா. 'உங்க அபிப்ராயம் என்ன'ன்னு இவரைக் கேக்கற இடம் இந்த லோகத்துலயே இது ஒண்ணுதான்."

ஜெயக்குமார் மேஜை மேல் உலர்ந்து ஒட்டியிருந்த ஒரு பருக்கையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். தலைவருக்குத் தான் என்ன பேசினோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

"இதெல்லாம் மினிட்ஸ்ல ஏத்தாதீங்கோ."

"அடிச்சிட்டேன் தலைவரே."

"சரி, விஷயத்துக்கு வாங்கோ. உங்களுக்கு நாலாம் பாட்டு எதுக்கு?"

டோரதி சொன்னாள். ரெஜிஸைப் பற்றி, மைக்கைப் பற்றி, குக்கரைப் பற்றி. "அந்தப் பொம்பளைச் சிரிப்பு என்னோடதுங்க," என்று முடித்தாள்.

ஐம்பது ஆண்கள் அவளைப் பார்த்தார்கள். இருபது வருஷமாக அந்தச் சிரிப்பைப் பற்றிக் கட்டுரை வாசித்தவர்கள். அது குளிர் தேசத்து மலையுச்சியில் ஒரு தேவதையின் சிரிப்பு என்று வேகக் கட்சி நிறுவியிருந்தது. இல்லை, கடற்கரைத் தேவதை என்பது நிதானக் கட்சி. சுங்கடிச் சேலையும், கையில் டிபன் பையுமாக ஒரு தேவதை வந்து உட்காரும் என்று இரண்டு கட்சியும் எதிர்பார்க்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை விசாரணை," என்றார் தலைவர். "குக்கரோட வந்துடுங்கோ."

*

குக்கரைத் துணிப்பையில் போட்டு, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டு போனாள். பக்கத்து ஸீட்டு அம்மாள், "கல்யாணச் சீருங்களா?" என்று கேட்டாள். "சாட்சிங்க," என்றாள் டோரதி. அந்த அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

விசாரணையின் முதல் கட்டம் விசில். மண்டபத்துச் சமையல்கட்டில் அரிசி போட்டு, குக்கரை அடுப்பில் ஏற்றி, நிர்ணயக் குழுவின் தலைவர் ஜெயக்குமார் பக்கத்தில் மைக்கோடு நின்றார். விசில் வந்தது. அதைப் பதிவு செய்துகொண்டு எல்லாரும் ஹாலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நாலாம் பாட்டை ஓடவிட வேண்டும். மெம்பர் அல்லாதவர் கேட்கக் கூடாது.

டோரதி சமையல்கட்டில் ஒரு கவிழ்த்த அண்டா மேல் உட்கார்ந்திருந்தாள். சாத்திய கதவு வழியாகத் தாளம் மட்டும் இடித்தது. டும், டும், டும். பிறகு அது நின்றது. கம்பி ஓசையெல்லாம் கதவைத் தாண்டி வராது. சிரிப்பும் வராது. கதவுக்கு அந்தப் பக்கம் இப்போது ரெஜிஸ் சிரித்துக்கொண்டிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போய்க் காதைக் கதவில் வைத்தாள். தாளம் மறுபடி இடிக்க ஆரம்பித்துவிட்டது.

ஜெயக்குமார் வெளியே வந்தார். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நாலாம் பாட்டு விசில்ல ஒரு கரகரப்பு இருக்கும். உங்க விசில் வழுவழுன்னு இருக்கு."

"கேஸ்கெட் புதுசுங்க. போன வாரம்தான் மாத்தினேன்."

"பழசைக் கொண்டாந்தா பார்க்கலாம்."

"அளவு பாக்கறதுக்குன்னு கடைக்காரர் வாங்கினாரு. குப்பையில போட்டுட்டாரு."

"முக்கியமான சாட்சியத்தை அழிச்சிட்டீங்களேம்மா," என்று ஜெயக்குமார் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இரண்டாவது கட்டம் சிரிப்பு. ஹாலின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள். எதிரில் மைக். வேகக் கட்சி வலப்பக்கம், நிதானக் கட்சி இடப்பக்கம்.

"சிரியுங்கோ," என்றார் தலைவர்.

டோரதி சிரிக்கப் பார்த்தாள். வாய் விரிந்தது. சத்தம் வரவில்லை.

"அடக்கிச் சிரிக்கற மாதிரி."

அடக்குவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டுமே! நாலு வருஷத்தில் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் பல்லைக் காட்டியிருக்கிறாள். ஆனால் சிரித்தது? யோசித்துப் பார்த்தாள். கணக்கில் ஒன்றும் வரவில்லை. பஷீர் அகமது அவளுக்காக ஒரு நகைச்சுவைத் துணுக்கு சொன்னார். மாமியார் மருமகள் துணுக்கு. இரண்டு கட்சிகளும் சிரித்தன. அவளுக்குத் தொண்டையில் காற்றுதான் வந்தது.

"அரை மணி இடைவேளை," என்று அறிவித்தார் தலைவர். "விசில் மட்டும் இன்னொரு தடவை பாத்துடலாம். குக்கரை மறுபடி ஏத்துங்கோ."

கைகழுவும் இடத்தில் ராஜ்மோகன் அவள் பக்கத்தில் வந்து நின்று, கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்குத் தெரியும்மா. அது உங்க தம்பிதான். அந்த சி.டி.யை நானே புத்தூர் பிரவுசிங் சென்டர்ல வாங்கினேன். கல்லாவுல ஒருத்தர் இருப்பாரு, எப்பப் பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே."

"இதை ஏங்க உள்ள சொல்லல?"

"சொன்னா நீங்க ஜெயிச்சிடுவீங்க."

"ஜெயிச்சா நல்லதுதானே?"

"அங்கதான் கண்டம். பேரவைச் சட்டம், பைலா பன்னெண்டு. வெளிச்சத்தம் கலந்த பதிவுன்னு நிரூபணமானா, அது அசுத்தம். ஒவ்வொரு மெம்பரும் தன்கிட்ட இருக்கற காப்பியைத் தலைவர் முன்னாடி அழிக்கணும். போன வருஷம் ஒரு பாட்டுல நாய் குரைக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. வரிசையில நின்னு அழிச்சோம். ரெண்டு பேரு தேம்பித் தேம்பி அழுதாங்க. இப்ப அந்தப் பாட்டு ஒலகத்துல எங்கயும் இல்ல." அவர் குழாயை மூடினார். "நீங்க தோத்தா உங்களுக்குக் காப்பி கிடையாது. ஜெயிச்சா யாருக்குமே கிடையாது."

டோரதி கையைத் துடைத்துக்கொள்ளாமலே கொஞ்ச நேரம் நின்றாள். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

ஆக, ரெஜிஸ் ரெஜிஸாக இருந்தால் அவனை அழித்துவிடுவார்கள். யாரோ ஒரு வெளிநாட்டான் என்றால் காப்பாற்றி வைப்பார்கள்.

ஹாலுக்குத் திரும்பினாள். சமையல்கட்டில் குக்கர் உஸ்ஸென்று மூச்சுவிட ஆரம்பித்திருந்தது.

"ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கோ."

"அது எங்க வீட்டுக் குக்கர் இல்லீங்க. நான் தப்பா நெனைச்சிட்டேன்."

ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. பஷீர் அகமது பேனாவை எடுத்தார்.

"அந்தப் பொம்பளைச் சிரிப்பு?"

"நான் இல்லீங்க. எனக்கு அந்த மாதிரி சிரிக்க வராது. நீங்களே பாத்தீங்களே."

தலைவர் முன்னால் சாய்ந்தார். பாய்லர் தகட்டைக் கடைசியாக ஒரு தட்டு தட்டிப் பார்க்கிற முகம். "ஸ்பஷ்டமா சொல்லிடுங்கோ. அந்த ஆண் பிள்ளை சிரிப்பு. அது உங்க தம்பியா?"

ராஜ்மோகன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லீங்க," என்றாள் டோரதி. "அது யாருன்னே எனக்குத் தெரியாது."

பெரிய வெள்ளிக்கிழமை வாசகத்தில், இயேசுவின் சீடரான பேதுரு மூன்றாவது தடவையாக 'அவரை எனக்குத் தெரியாது' என்று சொன்னதும் சேவல் கூவும். கல்யாண மண்டபத்தில் சேவல் இல்லை. சமையல்கட்டிலிருந்து குக்கர் நீளமாக ஒரு விசில் அடித்தது.

ஐம்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இருபது வருஷப் பழக்கம். நாலாம் பாட்டில் விசில் வந்தால் கண்ணை மூட வேண்டும் என்பது பேரவையில் எழுதாத விதி. காது கேட்டதும் இமை தானாக இறங்கிவிடும். வேகக் கட்சி, நிதானக் கட்சி, தலைவர், செயலாளர் என்று அத்தனை பேரும் மூடிய கண்ணோடு, லேசாக அண்ணாந்து, அடுத்து வரவேண்டிய சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள்.

சிரிப்பு வரவில்லை. அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று பார்க்க, அந்த ஹாலில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

தலைவர்தான் முதலில் கண்ணைத் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"சபையோர்களே! தப்புன்னு தெரிஞ்சதும் தானே முன்வந்து ஒத்துண்ட ஒருத்தரை இந்தப் பேரவை இன்னிக்குத்தான் பாக்கறது. நம்மள்ல ஒருத்தர்கூட இத்தனை வருஷத்துல அதைப் பண்ணினதில்லை. இவாளை மெம்பரா சேத்துக்கணும்னு நான் பிரேரிக்கறேன்."

ஏகமனதாக நிறைவேறியது. எந்தக் கட்சி என்று கேட்டார்கள். "எது சத்தம் கம்மியோ, அது," என்றாள். நிதானக் கட்சி கைதட்டியது.

பித்தளைத் தாம்பாளத்தில் ஹெட்போன் கடைசியாக அவளிடம் வந்தது. தொட்டுக் காதில் வைத்து எடுத்தாள். உள்ளே ஒன்றுமில்லை. பிறகு அதே தாம்பாளத்தில் ஒரு சின்ன பென் டிரைவ்.

"இங்கயே கேக்கறேளா? எல்லாரும் சேர்ந்து கேக்கலாம்," என்றார் தலைவர். அதைக் கேட்டபோது அவர் குரலில் தலைவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முடிந்துவிடப் போகிறதே என்று பயப்படுகிற ஒரு பெரியவர்தான் இருந்தார்.

"வீட்டுல போய்க் கேட்டுக்கறேங்க. அடுத்த வாரம் வரேன்."

"வருவேளா?"

"வரேங்க."

"குக்கர்ல சாதம் வெந்திருக்கு," என்று ஜெயக்குமார் ஞாபகப்படுத்தினார். "வீணாப் போயிடும்." பேரவை அதை ஊறுகாயோடு சாப்பிட்டது. அதுவும் மினிட்ஸில் ஏறியது.

*

வீட்டில் பாட்டுக் கேட்கிற சாதனம் எதுவும் இல்லை. டிவிக்குப் பின்னால் பென் டிரைவ் செருகுகிற துளை ஒன்று இருந்தது. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது. பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஜன்னலையெல்லாம் சாத்தினாள். ஏன் சாத்தினோம் என்று பிறகுதான் உறைத்தது.

டும், டும், டும், டும். இதிலே என்ன இருக்கிறது என்று அன்றைக்கும் அவளுக்குப் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. தலைவலிதான் வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் கையைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி காத்திருந்தாள்.

தாளம் நின்றது. கம்பி ஓசை மிதந்தது.

விசில். கரகரப்பாக. பழைய கேஸ்கெட்.

ரெஜிஸ் சிரித்தான்.

உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தது அப்படியே தெரிந்தது. மூக்கால் ஒரு சின்ன உறுமலில் தொடங்கி, அடக்க முடியாமல் வாய்க்கு வந்து... ஆமாம், இப்படித்தான் சிரிப்பான். அதை மறந்துபோயிருந்தாள். அவனுக்குப் பின்னாலேயே ஒரு பெண் சிரித்தாள். யாரது என்று ஒரு கணம் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மலையுச்சித் தேவதை என்று சொன்னவர்கள் மேல் குற்றமில்லை. அவ்வளவு லேசான சிரிப்பு.

தாளம் மதகு திறந்து பாய்ந்தது. அவள் ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினாள். சத்தத்தைக் கூட்டினாள்.

விசில். ரெஜிஸ். தேவதை. இந்தத் தடவை கட்டிலிலிருந்தும் ஒரு சத்தம் வந்தது. தலைப்பை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். பிரயோஜனமில்லை. விசாரணையில் வராத சிரிப்பு, மைக்கும் குழுவும் இல்லாத வீட்டில், கண்ணீரும் மூக்குமாக வந்துகொண்டே இருந்தது. மறுபடி பின்னால் ஓட்டினாள். மறுபடி.

யாரோ கதவைத் தட்டினார்கள். எவ்வளவு நேரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்களோ.

பஸீலா. கீழ் வீட்டுக்குப் போன மாதம்தான் குடிவந்தவள். படியில் பார்த்தால் ஒரு புன்னகை, அதற்குமேல் பழக்கமில்லை. கையில் எதுவும் இல்லை. மாவு பிசைந்த விரல்களோடு அப்படியே ஏறி வந்திருந்தாள்.

"அக்கா, நல்லா இருக்கீங்கள்ல? ஒரே இடி மாதிரி சத்தம். நடுவுல நடுவுல சிரிப்பு வேற. பயந்துட்டேன்." டோரதியின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். மூடிய ஜன்னல்களுக்குள் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. "ஒரு ஆம்பளச் சிரிப்பு கேட்டுச்சே. யாருக்கா வந்திருக்காங்க?"

டோரதி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என் தம்பி," என்றாள். "ரெஜிஸ்."

"அப்படியா! தம்பி இருக்காருன்னு சொல்லவே இல்லையே." பஸீலா முகம் மலர்ந்தது. பிறகு, காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னக்கா, பாட்டை இவ்ளோ சத்தமா வெக்கிறாரு?"

"எப்பவுமே அப்படித்தான்," என்றாள் டோரதி. "சொன்னாக் கேக்க மாட்டான்."